மண்டபத்தூரில் இருந்த சிறைக் கடிதங்கள்

காலை ஒன்பது மணிக்குக் காரைக்கால் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். அன்று மாலை புத்தகம் அச்சுக்குப் போகிறது. புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவர் சிறையிலிருந்து எழுதிய கடிதங்களின் தொகுப்பு அது, தொகுப்பாளன் நான். அவர் கையெழுத்தில் இன்னொரு கட்டு மண்டபத்தூரில், மீன் விற்கும் சிவகாமி அம்மாளிடம் இருப்பது போன வாரம்தான் தெரிந்தது.

ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். கோட்டுச்சேரி தாண்டியதும் என்ன விஷயம் என்று ஓட்டுநர் விசாரித்தார். சொன்னேன்.

"அந்தம்மாவா? முன்னாடி ஒருத்தர் இதுக்குன்னே கார்ல வந்து, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டுப் போனாரு சார்."



சிவகாமி அம்மாள் அப்போதுதான் கரையில் ஏலம் முடிந்து கூடையோடு திரும்பியிருந்தார். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், கேட்டதும் கடிதக் கட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். எழுத்தாளரின் கையெழுத்தேதான். ஆனால் முதல் கடிதத்திலேயே வலை கிழிந்த கதை, பெரியவளுக்குக் காது குத்தும் யோசனை. கீழே கோவிந்தன் என்ற பெயர்.

கோவிந்தன் அம்மாளின் கணவர். வலைத் தகராறில் உள்ளே போனவர். மேடையில் பேசியதற்காகச் சிறைக்கு வந்த எழுத்தாளரும் அதே அறையில் இருந்திருக்கிறார். கோவிந்தனுக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல இவர் எழுதியிருக்கிறார். விடுதலையான மறுவருஷம் கடலுக்குப் போன கோவிந்தன் திரும்பவில்லை.

"புத்தகத்துல யாரு பேரு தம்பி போடுவீங்க?"

எழுத்தாளர் பெயர்தான் என்றேன்.

"பிடிச்ச மீன்ல படகுக்குப் பங்கு உண்டு, வலைக்குப் பங்கு உண்டு. ஏறிப் போனவருக்கு மட்டும் இல்லையா? அவரு பேச்சுன்னு எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்."

பதிப்பாளரை அழைத்தேன். அட்டையில் இரண்டு பெயர் போட்டால் எவன் வாங்குவான் என்று சீறினார். பேசாமல் படம் எடுத்துக்கொண்டு கிளம்பச் சொன்னார். அம்மாள் கை கழுவக் கொல்லைப்பக்கம் போயிருந்தார். கைப்பேசி கையில், கடிதங்கள் மடியில். எடுத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. மனசு ஒப்பவில்லை.

அவர் வந்ததும் உள்ளதைச் சொல்லிக் கட்டைத் திருப்பிக் கொடுத்தேன். திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அவரோ அடியிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினார்.

"இது மட்டும் எங்க வீட்டுக்காரரு சொன்னதில்ல. உங்க ஆளோட பங்கு. எடுத்துக்கிட்டுப் போங்க."

திரும்பும் பேருந்தில் பிரித்தேன். கோவிந்தனுக்குக் காய்ச்சல், மருந்து கொடுத்திருக்கிறார்கள், கவலை வேண்டாம் என்று இரண்டு வரி. அதன் கீழே எழுத்தாளர் தம் பெயரிலேயே எழுதியிருந்தார்: "இன்று அவர் பேசவில்லை. அதனால் எழுத என்னிடம் ஒன்றுமில்லை."