இருநூற்று அறுபத்தாறு மூட்டை நெல்

ஷமீரா நெல்லைத் திருடினாள் என்றால் எதில் ஏற்றிக்கொண்டு போனாள், முதலில் அதைச் சொல்லு. இருநூற்று அறுபத்தாறு மூட்டை, ஆனந்தவல்லி! இரண்டு லாரி வேண்டும். தூக்கிப் போட பத்து ஆள் வேண்டும். ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே மூச்சு வாங்குகிற பெண், துப்பட்டியில் முடிந்துகொண்டு போனாளா?

குழாயடியில் நான் இப்படிக் கேட்டதும் அவள் பாதிக் குடத்தோடு நகர்ந்துவிட்டாள். நகர்ந்தால் விட்டுவிடுவேனா? இத்தனை வருஷம் கழிந்தும் அதே பேச்சுப் பேசினால் பொறுக்க முடியுமா? அதனால்தான் இதை எழுதி வைக்கச் சொல்கிறேன். எனக்குக் கைநாட்டுத்தான். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி வானதி எழுதுகிறாள். அழகு பண்ணாதே வானதி, சொன்னதை எழுது.

ஷமீராவின் அத்தா நீடாமங்கலம் ஸ்டேஷனுக்கு எதிரே வெற்றிலைக் கடை வைத்திருந்தவர். அவர் காலமான பிறகு வீட்டைத் தாங்கினது அண்ணன் அஸார். குவைத்தில் லாரி ஓட்டினான். அங்கே சண்டை வந்தபோது கட்டின துணியோடு ஓடிவந்து, ஓய்ந்ததும் திரும்பிப் போனவன். அவன் அனுப்பின பணத்தில்தான் அவள் தபாலிலேயே பி.காம் படித்தாள்.

அப்துல் மஜீதும் அந்தச் சண்டையில் திரும்பினவர்தான். அவர் மறுபடி போகவில்லை. அரிசி மில் வைத்தார். லைசென்ஸெல்லாம் லேசில் கிடைக்க ஆரம்பித்த காலம். பாதிப் பணம் அவருடையது. மீதியை வெளிநாட்டில் இருந்த நம்மூர்ப் பையன்கள் ஒன்பது பேர் போட்டார்கள். அஸாரும் அதில் ஒருத்தன். ஷமீராவுக்கு அவர் மாமு முறை. கணக்கெழுத அவளைக் கூப்பிட்டுக்கொண்டார். நான் அதே மில் களத்தில் நெல் கிண்டிக்கொண்டிருந்தேன்.

வந்த நாளிலிருந்து எதற்கெடுத்தாலும் “சீட்டு எங்க?” என்பாள். சுமை தூக்குகிறவர்களுக்கு டீ வாங்கினாலும் சீட்டு. “சீட்டு ஷமீரா” என்றே பேர் வைத்துவிட்டோம். அவளுக்குக் கோபம் வரும், ஆனால் சீட்டை விடமாட்டாள். ஒன்று சொல்ல வேண்டும்: சனிக்கிழமைக் கூலி சனிக்கிழமையே கைக்கு வந்தது அவள் வந்த பிறகுதான்.

ஒருநாள் முதலாளி வீட்டுக்கு இரண்டு மூட்டை அரிசி போனது. அதையும் அவர் பேரில் செலவு எழுதிவிட்டாள். அவர் சிரித்தார். “என் வீட்டுச் சோத்துக்குமா கணக்கு?”

“மில்லு வேற, நீங்க வேற மாமு. மில்லுல பத்துப் பேரு இருக்கீங்க.”

அப்போது சிரித்தவர், இரண்டாம் வருஷம் சிரிக்கவில்லை.

அந்தத் தையில் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. விலை சல்லிசு என்று ஈர நெல்லாகவே வாங்கிப் போட்டார். ஆடியில் விலை ஏறும், அப்போது அரைக்கலாம் என்று நாலாயிரம் மூட்டையைக் களத்தில் உலர்த்தி குடோனில் அடுக்கினார். வந்த அன்றைக்கே ஷமீரா பத்து மூட்டையை எடை போட்டு, நீலத்தில் குறி போட்டு வைத்தாள். காய்ந்ததும் அதே சாக்கில் அள்ளிப் போட்டு, நான்தான் கோணூசியால் தைத்தேன். மறுபடி தராசில் வைத்தாள். அறுபது கிலோ இருந்தது ஐம்பத்தாறு. பத்து மூட்டையும் அப்படித்தான். அந்த எடைத் தாளில் சாட்சிக்கு என் கைநாட்டு வாங்கிக்கொண்டாள்.

மார்ச்சு முடிவில் வருஷக் கணக்கு முடித்து ஒன்பது பேருக்கும் தபாலில் அனுப்ப வேண்டும். அந்த வருஷம் முதலாளிக்கு அது சும்மா காகிதம் இல்லை. மாயவரத்தில் இன்னொரு மில் வைக்க ஆளுக்கு ஐம்பதாயிரம் கேட்டிருந்தார். லாபம் என்று தாள் போனால்தான் பணம் வரும். அஸார் சுவர் எழுப்பிக் கூரை போடாமல் விட்ட வீட்டுக்கு வைத்திருந்த பணத்தை, லாபம் வந்தால் அனுப்புகிறேன் என்று எழுதிவிட்டான்.

குடோன் வாசலில் நான் சாக்கு தைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவர்கள் பேச்சு அப்படியே கேட்டது.

“மாமு, புத்தகத்துல நாலாயிரம் மூட்டை இருக்கு. அவ்வளவு நெல்லு இங்க இல்ல.”

“எண்ணிப் பாரு பிள்ள. ஒரு சாக்கு குறைஞ்சா என்னைக் கேளு.”

“சாக்கு இருக்கு. உள்ள நெல்லு குறைஞ்சிருக்கு. மூட்டைக்கு நாலு கிலோ. மொத்தம் இருநூத்தி அறுபத்தாறு மூட்டை காய்ஞ்சே போயிருச்சு. நீங்க வேற மூட்டைக்கு இருநூத்தி அம்பது ரூபான்னு போடச் சொல்றீங்க. வாங்கினது இருநூத்தி இருபதுக்கு. இன்னைக்கு மார்க்கெட்டுல இருநூத்திப் பத்து.”

“ஆடியில இருநூத்தி அம்பது விக்கும்.”

“அப்ப ஆடியில வித்துட்டு லாபம் எழுதுவோம். கையில இருக்கிற சரக்குக்கு வாங்கின விலையா, இன்னைக்கு விக்கிற விலையா, எது கம்மியோ அதைத்தான் போடணும். அதான் முறை.”

“யாரு வச்ச முறை அது?”

“குடோனைப் பார்க்காம பணம் போட்டிருக்காங்கள்ல, அவங்களுக்காக வச்ச முறை.”

மஜீது கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். ஆடியில் விலை ஏறும் என்று அவர் மனசார நம்பினார். நம்பினதை நடந்ததாக எழுதச் சொன்னார், அதுதான் தப்பு. அவள் எழுதினால் ஏறக்குறைய லட்சம் நட்டம். அவர் சொன்னபடி எழுதினால் லட்சத்துக்கு மேல் லாபம். நெல் என்னவோ அதே நெல்தான்.

அவள் உம்மாவுக்குப் பயம். நான் இருக்கும்போதே சொன்னாள், “பெரியவரைப் பகைச்சுக்காத. அவர் கேக்கறத எழுதிக் குடு. அஸாருக்கு மட்டும் பணம் அனுப்பாதேன்னு தனியா கடுதாசி போட்டுரு.”

“மத்த எட்டுப் பேருக்கும் மில்லுல தங்கச்சி இல்லையே உம்மா,” என்றாள் ஷமீரா.

மூன்று நாள் கழித்து முதலாளி தாமே ஒரு கணக்கு எழுதிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். கீழே அவள் கையெழுத்து வேண்டும். அந்தப் பையன்களுக்கு அவரைவிட அவள் எழுத்தில்தான் நம்பிக்கை.

“போடமாட்டேன் மாமு. வாங்க, அந்தப் பத்து மூட்டையை உங்க முன்னாடியே தராசுல வைக்கிறேன். அம்சக்கா சாட்சி.”

“கைநாட்டு எனக்குச் சாட்சியா?” என்று வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

“நெல்லைக் காய வச்சது இந்தக் கைதானுங்க முதலாளி,” என்றேன். மறுநாளிலிருந்து களத்தில் எனக்கு வேலை இல்லை. அது கிடக்கட்டும்.

அவர் எழுந்திரிக்கவில்லை. “கையெழுத்துப் போடு. இல்லாட்டி இந்த வாசலைத் தாண்டினவ தாண்டினவதான். அப்புறம் ஊரு உன்னை என்ன சொன்னாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.” அந்த வார்த்தையை மட்டும் அவர் கடைசிவரை காப்பாற்றினார்: கணக்கில் இருநூற்று அறுபத்தாறு மூட்டை குறைகிறது, அவளும் மில்லை விட்டுப் போய்விட்டாள் என்று முடிச்சுப் போட்டு ஊர் அவளைத் திருடி என்றபோது, காய்ந்த கதையை அவர் சொல்லவே இல்லை.

ஷமீரா குடோன் சாவி, பணப்பெட்டிச் சாவி, கணக்குப் புத்தகங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அவர் முன்னால் வைத்தாள். பணத்தை எண்ணிக் காட்டி, பெற்றுக்கொண்டதாக ஒரு சீட்டுக் கேட்டாள். அந்த நேரத்திலும்! கோபத்தில் அவரும் எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு பையிலிருந்து ஒன்பது கவர் எடுத்தாள். தன் கையால் ஒன்பது தடவை எழுதின கணக்கு, அடியில் அவள் பேர், சொந்தக் காசில் ஸ்டாம்பு.

“இது பங்காளிங்களுக்குப் போக வேண்டியது. போட்டுட்டுப் போறேன் மாமு.”

களம் முழுக்க நெல் பரப்பியிருந்தது. ஓரமாகச் சுற்றிப் போக வேண்டும், தூரம் அதிகம். உச்சி வெயில். வேலை செய்த பெண்கள் எல்லாரும் நின்றுவிட்டோம். அவள் ஒரு மணி நெல்லை மிதிக்காமல் முழுக்களத்தையும் சுற்றி நடந்தாள். வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை. கேட்டைத் தாண்டி, வீட்டுக்குப் போகிற பக்கம் திரும்பாமல், தபாலாபீஸ் பக்கம் திரும்பினாள்.