பதினெட்டு ராத்தல்

மாடிப்படியில் வழுக்கி நான் வலது கையை முறித்துக்கொண்டபோது என் மகனுக்கு ஐந்து மாதம். மாட்டுங்காவில் இரண்டாம் மாடி எங்கள் வீடு. மாவுக்கட்டைப் பிரித்த அன்று கை முருங்கைக்காய் மாதிரி இருந்தது. பார்த்து அழுதே விட்டேன். குழந்தையைத் தூக்க அதில் பலமில்லை. தூக்கி வளர்த்தவள் என் ஓர்ப்படி, கணவரின் அண்ணன் மனைவி. மன்னி என்று கூப்பிடுவேன். அவளுக்குக் குழந்தை இல்லை. பசிக்கு மட்டும் அவனை என் மடியில் கிடத்துவாள். குடித்து முடித்ததும் அவன் அவளைத்தான் தேடுவான். எனக்கு வயிறு எரியும்.

"வீட்டிலேயே எடை தூக்கிப் பழகுங்கோ. ரெண்டு ராத்தல்ல ஆரம்பிச்சு, வாரத்துக்கு ஒண்ணு ஏத்துங்கோ" என்றார் டாக்டர். நான் யார் பேச்சைக் கேட்டேன்? எடுத்த எடுப்பில் அம்மிக் குழவியைத் தூக்கினேன். அப்புறம் இரண்டு நாள் எனக்குத் தலை வாரிவிட்டதும் மன்னிதான்.

அது யுத்த காலம். ரேஷனில் அரிசியைக் குறைத்துக் கோதுமையைத் தலையில் கட்டினார்கள். எங்கள் வீட்டில் அதைச் சாப்பிடத் தெரிந்தவர் யாருமில்லை; டின் டின்னாகச் சேர்ந்து கிடந்தது. பழைய வேட்டியில் பை தைத்து, மார்க்கெட் காய்கறிக்காரர் தராசில் நிறுத்து, இன்றைய கணக்கில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான இரண்டு ராத்தல் கோதுமையை அதில் போட்டேன். தினமும் காலையில் பால்கனியில் நின்று தூக்குவேன். கீழே ஆபீஸ்காரர்கள் குடையும் டிபன் டப்பாவுமாக ஸ்டேஷனுக்கு ஓடுவார்கள். எதிர் வீட்டில் காப்பிக்கொட்டை வறுபடும். எங்கேயாவது அந்த வாசனை வந்தால் இப்போதும் என் வலது கை தானாக மடங்குகிறது. எவ்வளவு நல்ல காலைகள் அவை!

வாரா வாரம் பையில் கோதுமை ஏறியது. ஒரு நாள் அதே தராசில் மகனை உட்கார்த்தி நிறுத்தோம். பதினெட்டு ராத்தல். பையும் பதினெட்டைத் தொட்ட அன்று, மன்னியின் இடுப்பிலிருந்து அவனை வெடுக்கென்று வாங்கினேன். அவன் உடம்பை வில்லாக வளைத்து அவள் பக்கம் பாய்ந்தான். என் கை மடிந்துவிட்டது. மன்னி பிடித்திராவிட்டால் தரையில் விழுந்திருப்பான்.

"அவன் என்ன கோதுமையா, வெச்ச எடத்துல கெடக்க?" என்று சிரித்தாள். எனக்கு வெட்கத்தில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் அவளே ஒரு பித்தளைக் குடத்தில் பாதித் தண்ணீர் நிரப்பி என் முன்னால் வைத்தாள். "இதைத் தூக்கிண்டு நட. உள்ளே ஆடும், இழுக்கும். அப்பத்தான் கொழந்தைக்குச் சரியா வரும்."

நிறைகுடம் தளும்பாது என்பார்கள். எனக்கு வேண்டியிருந்தது தளும்புகிற குறைகுடம். கூடத்துக்கும் சமையலறைக்குமாக அதை ஏந்தி நடந்தேன். தண்ணீர் இழுத்த பக்கமெல்லாம் கை ஈடுகொடுக்கப் பழகியது. இருபது நாள் கழித்து மகனை வாங்கினேன். திமிறினான், உதைத்தான், அழுதான். நான் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் களைத்து என் தோளிலேயே கண் சொருகினான். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக எதையும் நான் அறியேன்.

அப்போது மன்னி வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். "தூங்கற வரைக்கும் நான் வெச்சுக்கட்டுமா?"

"வேண்டாம் மன்னி. கைக்குப் பழகணும்" என்றேன். கை நன்றாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம் கொடுத்திருக்கலாம் என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

நீட்டிய கைகளைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். அந்தக் கைகளில் ஈரமே இல்லை.