லைசன்ஸ் கேட்காத வோக்கி டோக்கி

எங்கள் சிட்னி நார்த்மீட் வீட்டுக்கு வோக்கி டோக்கி வந்த அன்று என் கணவர் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கனடாவில் இருக்கும் என் அக்கா எங்கள் மகளுக்கென்று கொண்டுவந்த மஞ்சள் நிறச் சோடி அது. நானும் மகளும் குசினிக்கும் கராஜுக்கும் இடையில் "ஓவர், ஓவர்" என்று கத்திக்கொண்டிருக்க, அவர் கதிரையை விட்டு எழும்பிப் போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.

"முதல்ல அதை நிப்பாட்டும். லைசன்ஸ் இருக்கோ?"

விளையாட்டுச் சாமானுக்கு லைசன்ஸா என்று நக்கலடித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் வளர்ந்த சண்டைக் காலத்தில் எங்கள் ஊரில் டோர்ச் பற்றரிக்கே தடை. இப்படி ஒரு பெட்டி வைத்திருக்கிறான் என்று யாரும் சொல்லிவிட்டால் போதும், ஆமி வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போய்விடும். எனக்கும் அது தெரியும். ஆனாலும் சிட்னிக்கு வந்து இத்தனை வருஷமாகியும் திரையை மூடுகிறாரே என்று கோபம்தான் வந்தது.

மனிதர் ஒரு கிழமையாக இருந்து விதிகளை வாசித்தார். கடைசியில் அவர் சொன்னதே சரியாகிவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கனடாச் செட்டின் அலைவரிசை இங்கே வேறு ஆட்களுக்கு ஒதுக்கியதாம், பாவிக்கக் கூடாதாம். ஆனால் இங்கத்தைய கடையில் விற்கும், பொதுமக்கள் பேசுகிற சிபி செட்டுக்குத் தனியாக லைசன்ஸ் எடுக்கவே வேண்டாம்; எல்லோருக்கும் சேர்த்து ஒரே பொது அனுமதி. இதை வாசித்துச் சொன்னவரும் அவர்தான், நம்பாதவரும் அவர்தான். பேர்கூட எழுதாமல் எப்படி விடுவார்கள் என்று என்னிடம் கேட்டார்.

நான் போய் ஒரு சோடி வாங்கி வந்தேன். பெட்டியில் கிலோமீற்றர் கணக்கைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எங்கள் தெருவில் இரண்டு சந்தி தாண்டியதுமே வெறும் கரகரப்பு. வீடும் மரமும் மறைக்கும், மேட்டில் நின்றால்தான் தூரம் போகும் என்று விளக்கம் சொன்னார். விளக்கம் மட்டும் சொல்லுவார், பொத்தானைத் தொடமாட்டார்.

பள்ளி விடுமுறைக்கு என் அண்ணா குடும்பத்தோடு இரண்டு காரில் ப்ளூ மவுண்டன்ஸ் போனோம். காருக்கு ஒரு செட். மகள் மச்சான்மாரோடுதான் வருவேன் என்று அண்ணாவின் காரில் ஏறிவிட்டாள். எங்கள் காரில் பேச்சு என் பொறுப்பு, அங்கே அண்ணாவின் மனைவி, என் மச்சாளின் பொறுப்பு. மச்சாள் பொத்தானை அழுத்தினால் கையை எடுக்கவே மாட்டா. மரக்கறி ரோல்ஸுக்கு உப்புக் காணாமல் போன கதையைப் பென்ரித் தாண்டும்வரை கேட்டோம். அவா பொத்தானை விட்டால்தானே நாங்கள் பேசலாம்.

பள்ளத்தாக்குக்குள் இறங்கியபின் வீதி பிரிகிற ஓரிடத்தில் அண்ணாவின் காரைத் தவறவிட்டோம். போனில் சிக்னல் இல்லை. அப்போதுதான் என் கைப்பைக்குள் மகளின் ஆஸ்துமா பஃபர் கிடந்ததைக் கண்டேன். குளிர் காற்றில் ஓடினால் இழுப்பு வந்துவிடும் பிள்ளைக்கு. செட்டை எடுத்துக் கூப்பிட்டேன், இரைச்சல்தான் வந்தது.

"நடுவில மலை நிக்குது. மேல ஏறினாத்தான் கேக்கும்," என்றார்.

எனக்கு இடது காலில் சுளுக்கு. வேறு ஆள் இல்லை. செட்டை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு என் மற்றக் கையிலிருந்த பஃபரைப் பார்த்தார். செட்டை வாங்கிக்கொண்டு வீதியோரப் பாறையில் ஏறினார். கீழே நின்ற எனக்கு அவர் தமிழில் கூப்பிட்டது தெளிவாகக் கேட்டது.

பதிலுக்கு வந்தது முன்பின் தெரியாத ஓர் ஆஸ்திரேலியக் கிழவரின் குரல். எங்கே நிற்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டது.

என் கணவர் விறைத்து நிமிர்ந்தார். தன் முழுப்பெயர், தகப்பன் பெயர், வீட்டு இலக்கம், தெரு, வேலை செய்யும் இடம் எல்லாவற்றையும் ஆமியின் சோதனைச் சென்றியில் நின்று சொல்வதுபோல ஒரே மூச்சில் சொன்னார். செட் இங்கேதான் வாங்கியது, இதற்கு லைசன்ஸ் தேவையில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

கிழவர் சிரித்தார். அதெல்லாம் நல்லது, நீ நிற்கிற இடத்தைத்தான் கேட்டேன் என்றார். அவர் மலையுச்சியில் கூடாரம் போட்டிருந்தாராம். யாரோ ஒரு பெண் விளங்காத பாஷையில் ஓயாமல் பேசுவது கேட்டதாம். அந்த அம்மா மூச்சு வாங்கிய நேரம் பார்த்து விசாரித்தாராம். ஆற்றங்கரையில் நிற்கிறார்கள், பிள்ளைகள் சுகம், அங்கேயே நிற்கச் சொல்கிறேன் என்று எங்களுக்கு வழியும் சொன்னார்.

போய்ப் பார்த்தால் மகள் ஆற்றில் கல்லெறிந்து விளையாடுகிறாள். கட்டிப்பிடித்தேன், பிறகு நன்றாக ஏசினேன். என் கணவர் கார்க் கதவில் சாய்ந்தபடி நின்றார்.

"ஆரெண்டு கேக்கேல்லையப்பா. எங்க நிக்கிறாய் எண்டு மட்டும்தான் கேட்டவர்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணையும் துடைத்தார். அன்று திரை மூடினதற்காக நான் கோபப்பட்ட மனிதர் இவர்தானே என்று மனம் கிடந்து அடித்தது.

திரும்பும்போது, கார் ஓட்டுகிறவர் செட்டில் கவனத்தை விடக்கூடாது என்று சட்டம் பேசி, ஓட்டோமற்றிக் காரில் இடது காலுக்கு வேலையில்லை என்று கார்த் திறப்பை என்னிடம் தந்துவிட்டுப் பக்கத்தில் ஏறினார். நார்த்மீட் சந்தியில் சிவப்பு விளக்கு. நேர் முன்னால் அண்ணாவின் கார். இவர் கண்ணாடியைக் கீழே இறக்கி, தெருவே கேட்கிற மாதிரிப் பொத்தானை அழுத்தினார்.

"மச்சான், எங்க நிக்கிறாய்?"