சுவரோரத்து மூடாக்கு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பாதிப் பேருக்காவது அக்கா ஊசி போட்டிருப்பார். மீதிப் பேருக்குத் தம் தோட்டத்துக் கத்தரிக்காய் கொடுத்தனுப்பியிருப்பார். அவர் கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு நிறைகிறது. உடன்பிறந்தவன் என்ற முறையில் அவருடைய வாழ்வை மட்டுமல்ல, அவருடைய முடிவில் எனக்கிருந்த பங்கையும் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

காரியாபட்டிக்குப் பக்கத்துச் சிற்றூரில், பள்ளி ஆசிரியரின் மூத்த மகளாக அக்கா பிறந்தார். அவர் செவிலியர் பயிற்சியில் இருந்தபோதே அப்பா காலமாகிவிட்டார். என்னையும் தங்கையையும் படிக்கவைத்து, இருவருக்கும் மணமுடித்து வைத்தார். தமக்கென வந்த வரன்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்துவிட்டார். பணிக்காலத்தின் பெரும்பகுதி தீக்காயப் பிரிவில் கழிந்தது. பட்டாசு ஆலை விபத்துகளில் கருகி வந்தவர்களைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசமாட்டார். தீபாவளியன்று மட்டும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்துவிடுவார்.

ஓய்வு பெற்றபின் எம். புதுப்பட்டி போகும் சாலையில் ஒரு சிறு வீடும் அதன் பின்னால் கொஞ்சம் நிலமும் வாங்கினார். கரிசல் மண். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, “தோலு உரிஞ்ச ஒடம்பு மாதிரில்ல கெடக்கு. மொதல்ல இத மூடணும் தம்பி” என்றார்.

மூடினார். வேப்பஞ்சருகு, கடலைத்தோல், சோளத்தட்டை, நறுக்கிய தென்னோலை என்று கிடைத்ததையெல்லாம் செடிகளுக்கிடையே அரையடி உயரத்துக்குப் பரப்பினார். தண்டைத் தொடவிடமாட்டார், நான்கு விரல் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் தண்டு அழுகும் என்பார். இரண்டாம் ஆண்டில் அந்த மூடாக்கை விலக்கினால், சித்திரை வெயிலிலும் மண் குளிர்ந்து ஈரமாக இருந்தது. மண்புழுக்கள் வந்துவிட்டன. அக்கா வாய்விட்டுச் சிரித்ததை நான் அந்தத் தோட்டத்தில்தான் அதிகம் பார்த்தேன்.

சென்ற ஆண்டு ஆடி மாதம், சுவருக்கு அந்தப் பக்கம் சும்மா கிடந்த தகரக் கொட்டகையை ஒருவர் வாடகைக்கு எடுத்தார். உரிமம் ஏதுமில்லாமல் பட்டாசு செய்யத் தொடங்கினார். பதினொரு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். தோட்டத்தில் காய் கேட்டு வாங்கிப் பழகிய முத்துமாரியும் அவர்களில் ஒருத்தி.

புரட்டாசியில் ஒரு காலை, சுவரோரக் கத்தரிப் பாத்தியில் மூடாக்கை விலக்கிய அக்காவின் விரல்கள் வெள்ளியாக மின்னின. மண்புழு ஒன்றைக்கூடக் காணவில்லை. காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையைச் சருகில் வைத்தார். சுட்டது.

பட்டாசுக்குள் இடும் கலவையை எங்கள் பக்கம் மருந்து என்போம். அதில் வெள்ளியாக மின்னும் அலுமினியப் பவுடர் இருந்தால், ஈரம் பட்டுத் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றியவற்றில் வெந்தவர்களுக்கு அக்கா கட்டுப் போட்டிருக்கிறார்.

சுவருக்கு மேல் எட்டி முத்துமாரியைக் கூப்பிட்டார். “இங்கன என்னத்தப் பிள்ள கொட்டுறீக?”

“கூட்டிப் பெருக்குன குப்பதான் சிஸ்டரம்மா. கொட்டகைக்குள்ள கெடந்தா மொதலாளி ஏசுறாரு.”

கொட்டகைக்காரரிடம் போனார். “சருகுதான சிஸ்டர், ரெண்டு கொடம் தண்ணிய ஊத்தி விடுங்க” என்று அவர் சிரித்தார். “தண்ணிதான்யா இதுக்கு எமன்” என்று சொல்லிவிட்டு அக்கா திரும்பினார்.

அதன்பின் சுவரோரத்தில் நீர் பாய்ச்சுவதை நிறுத்தினார். அங்கிருந்த மூடாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வாரி, எட்டத்தில் வெறுந்தரையில் மெல்லியதாகப் பரப்பினார். அவர் வாரிய இடத்தில் மறுநாள் புதிதாகக் கொட்டப்பட்டிருக்கும். வானம் தினமும் இருட்டிக்கொண்டு வந்தது, பெய்யாமல் கலைந்தது.

பெண்கள் வந்து கெஞ்சினார்கள். “எங்க பொழப்புல மண்ணப் போட்ராதீக சிஸ்டரம்மா. தீவாளி வரைக்கும் பொறுத்துக்கோங்க.” அக்கா இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் ஆட்சியர் அலுவலகத்துக்குப் புகார் மனு எழுதி, சாத்தூரிலிருந்து தினமும் விருதுநகருக்கு வேலைக்குப் போய்வரும் என் கையில் கொடுத்தார். “மழைக்கு முந்திக் குடுத்துரு தம்பி.”

நான் கொடுக்கவில்லை. பதினொரு பேர் கூலி போய்விடுமே என்று நினைத்தேன். அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டுமே என்றும் நினைத்தேன். சீசன் முடிந்தால் அந்த ஆளே போய்விடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனு என் கைப்பையிலேயே கிடந்தது.

மனு என் கைக்கு வந்த எட்டாம் நாள் இரவு மழை கொட்டியது. காலையில் சுள்ளென்று வெயில். பத்து மணிக்குச் சுவரோர மூடாக்கிலிருந்து வெள்ளைப் புகை நூலாக எழுந்தது. அதைக் கண்ட முத்துமாரி வாளியோடு சுவருக்கு ஓடிவந்திருக்கிறாள். “தண்ணி ஊத்தாத! எல்லாரும் ரோட்டுக்கு ஓடுங்க!” என்று அக்கா கத்தியிருக்கிறார். பெண்கள் ஓடினார்கள். புகையும் சருகைச் சுவரிலிருந்து பிரிக்க அக்கா மண்வெட்டியால் இழுத்துக்கொண்டிருந்தார்.

“வந்துருங்கன்னு கத்துனேண்ணே. ‘உள்ள யாரும் நிக்காகளா, எண்ணிப் பாரு’ன்னாக. பதினொன்னும் வந்துட்டோம்னு சொன்னேன். மண்வெட்டியக் கீழ போட்டுத் திரும்புனாக” என்றாள் முத்துமாரி. அதற்குள் பொறி பறந்து கொட்டகை வெடித்துச் சுவர் சாய்ந்தது. அக்கா உடல் முழுக்க வெந்துபோனார்.

அக்கா வேலை பார்த்த அதே தீக்காயப் பிரிவில்தான் சேர்த்தோம். மருத்துவர் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா குறுக்கிட்டார். “அவன்ட்ட மறைக்காதீங்க டாக்டர். தம்பி, வெள்ளிக்கிழம வரைக்கும் இருப்பேன். சின்னவள வரச் சொல்லு.” பிறகு கேட்டார்: “அந்த மனுவக் குடுத்தியா?”

“குடுத்துட்டேன்க்கா.”

“அப்ப அவுகதான் வரல” என்று கண்ணை மூடிக்கொண்டார். தம் கடைசி வருத்தத்தை, குற்றமில்லாத யாரோ ஓர் அதிகாரி மேல் வைத்துவிட்டு அக்கா போனார். அவருடைய கணக்கு ஒரு நாள் பிசகிவிட்டது. வியாழன் மாலையே மூச்சு நின்றது. வெள்ளிக்கிழமை விடிந்து வந்த தங்கை வெள்ளைத் துணியைத்தான் பார்த்தாள். அவளுக்கும் இந்த மலரைப் படிக்கும்போதுதான் மனுவின் கதை தெரியவரும். அடக்கம் முடிந்த மறுவாரம் அந்த மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி முத்திரை போட்டார்கள்.

அக்காவைக் கண்போலக் காத்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இறுதிவரை ஜெபித்த சபையாருக்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கல்லறைக்கு ஞாயிறுதோறும் பூ கொண்டுவரும் முத்துமாரிக்கும் நன்றி. போன வாரம் அவளை அங்கே பார்த்தேன். கைவிரல்கள் மின்னின. மறுபடியும் வேலைக்குப் போகிறாயா என்றேன்.

“போகாம என்னண்ணே செய்ய? அதே ஆளுதான். வேற எடம்.”

“குப்பைய எங்க கொட்டுறீக?”

“சுவருக்கு அந்தப் பக்கந்தான். அங்கன கேக்க ஆள் இல்லண்ணே” என்றாள்.