ஒன்னுமில்லங்க சார்

தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தபோது எப்படி விசாரித்தேனோ, அதே மாதிரிதான் கடலுக்குள் டைவிங் சொல்லிக்கொடுக்கிற சாரைப் பற்றியும் விசாரித்தேன். எந்த ஊர், என்ன குடும்பம், குடிப்பாரா, நாலு பேரை மதிக்கத் தெரிந்தவரா. எத்தனை பேரை அவர் "நீ இன்னும் தயாராகவில்லை, போய்விட்டு வா" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார் என்பதை மட்டும் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

மாத்தளையில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். பஸ் ஏறினால் நாலு மணி நேரம் கழித்துத்தான் எங்களுக்குக் கடல். நானும் மச்சானும் இரத்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர்கள். நீச்சல் பழகியது ஆற்றில். மச்சான் என்றால் தங்கச்சி புருஷன். அதற்கு முன்னாலேயே என் கூட்டாளி. கிழக்குக் கரையில் ஒரு ஹோட்டலில் சிலிண்டர் கழுவும் வேலைக்குப் போய், பத்து வருஷத்தில் வெள்ளைக்காரர்களைக் கடலுக்குள் கூட்டிப்போய்க் காட்டும் ஆட்களாக ஆகியிருந்தோம். சீசன் முடிந்தால் மாத்தளை டவுனில் வாடகை வீடு. முன்பக்கம் தங்கச்சியும் மச்சானும், பின்னால் ஓர் அறையில் நானும்.

எங்கள் சான்றிதழ் நாற்பது மீட்டரோடு முடிந்துவிடும். எல்லோரும் பார்க்க வருகிற மூழ்கின கப்பல் அதற்கும் கீழே கிடந்தது. வந்தவர்கள் இறங்குவார்கள், நாங்கள் படகில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருப்போம். நம்ம கடலில் நாமே காவல்காரனா என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். அந்த ஆழத்துக்குப் போனால் நேராக மேலே வர முடியாது. வழியில் பல இடங்களில் நின்று நின்று, உடம்பில் ஊறிய வாயுவை மெல்ல வெளியே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அதைக் கற்றுக்கொள்ளத்தான் தனிக் கோர்ஸ்.

முதலில் தெற்குக் கரையில் இருக்கும் ஒரு மிஸ்ஸிடம் பேசினோம். சிங்களப் பெண்மணி, ஐம்பது வயது இருக்கும். போன் திரையில் ஒரு மணி நேரம் சிங்களத்தில் எங்களைக் குடைந்தெடுத்தார்.

"கடைசியாக எப்போது ஒரு டைவை வேண்டாம் என்று பாதியில் விட்டீர்கள்?"

"ஒரு தடவையும் இல்லை மிஸ்" என்றான் மச்சான், நெஞ்சை நிமிர்த்தி.

அவர் எதையோ எழுதிக்கொண்டார். "வேண்டாம் என்று என்னிடம் சொல்லத் தெரியாதவரை நான் ஆழத்துக்குக் கூட்டிப்போக மாட்டேன். முதலில் பத்து மீட்டரில் இரண்டு நாள் பார்ப்போம். அதற்குப் பிறகும் சேர்ப்பேன் என்று உறுதி இல்லை."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போனை வைத்ததும் கத்தினேன்.

"பத்து வருசமா கடல்ல கெடக்குறோம். இவங்க என்ன நமக்குப் பரீட்ச வைக்கிறது?"

மச்சான் மெதுவாகச் சொன்னான். "அவங்க கேட்டது சரிதானே மச்சான். நமக்கு இன்னும் கொஞ்சம் பழக்கம் வேணும்."

அவன் அப்படிச் சொன்னான் என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும். நான்தான் கேட்கவில்லை.

இரண்டாவது ஆள் தமிழர், நம்ம பக்கத்து வேர் உள்ளவர். கண்டிக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டிலேயே இறங்கினார். தங்கச்சி பலாக்காய்க் கறியும் கருவாடும் வைத்துச் சோறு போட்டாள். "இன்னும் கொஞ்சம் வைம்மா" என்று வாங்கிச் சாப்பிட்டார். ஐந்து நாளில் முடித்துவிடலாம், நீங்களெல்லாம் பிறவி டைவர்கள் என்றார். தங்கச்சி அவரிடம், "சார், இவங்கள பத்திரமா பாத்துக்கங்க" என்றபோது, "என் தம்பிங்க மாதிரிம்மா" என்றார். அவர் கை கழுவி எழுந்தபோதே நான் முடிவு பண்ணிவிட்டேன். நம்ம வீட்டில் சாப்பிட்ட மனிதர். இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்?

கோர்ஸின் மூன்றாம் நாள் சாயங்காலம், அறைக்கு வந்ததும் மச்சான் இடது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆழமான வலி, எலும்புக்குள்ளே குடைகிற மாதிரி என்றான். நான் தைலம் தேய்த்தேன். இரட்டைச் சிலிண்டர் தூக்கினதால் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே தேய்த்தேன். அது பொய். ஆழத்தில் இருந்து வந்தவனுக்குத் தோளில் அப்படி வலித்தால் வாயு முழுக்க வெளியேறாமல் உடம்பில் தங்கிவிட்டது என்று அர்த்தம், அது கோர்ஸ் புத்தகத்தில் இருந்தது. நான் படித்திருந்தேன். அப்படி வலித்தால் அடுத்த டைவ் கூடாது, உடனே வைத்தியம் பார்க்க வேண்டும் என்றும் இருந்தது.

"சார்ட்ட சொல்லிறாத மச்சான்" என்றான் அவன். "நம்ம வீட்டுக்கு வந்து சாப்பிட்ட மனுசன். நம்மளால அவருக்குச் சங்கடம் வேணாம்."

சரி என்றேன்.

தோட்டத்தில் வளராதவர்களுக்கு இது விளங்காது. காலையில் பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடி நிற்கும்போது, யாருக்காவது முடியலையா என்று கங்காணி கேட்பார். முடியவில்லை என்று சொன்னால் அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. காய்ச்சலோடு நின்ற அம்மா "ஒன்னுமில்லங்க" என்று சொல்லி மலை ஏறியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த வார்த்தை எங்கள் வாயில் ஊறிக் கிடக்கிறது. யார் கேட்டாலும் அதுதான் முதலில் வரும்.

மறுநாள் காலை, படகில் உபகரணங்களைப் பார்த்துக்கொண்டே சார் கேட்டார். "எல்லாம் ஓகேதானே? ஒடம்புக்கு ஒன்னும் இல்லையே?"

மச்சான் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. நான் வேண்டாம் என்றால் அவனும் வேண்டாம் என்றிருப்பான்.

"ஒன்னுமில்லங்க சார்" என்றேன், இருவருக்கும் சேர்த்து.

தண்ணீருக்குள் எதுவும் தவறவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் எல்லாம் நின்றோம், நேரம் பார்த்து மேலே வந்தோம். படகில் ஏறிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. மச்சான் குனிந்து தன் முழங்காலைத் தட்டினான். மறுபடி தட்டினான்.

"மச்சான், காலு எங்க இருக்குன்னு தெரியல."

சார் ஆக்சிஜன் கொடுத்தார், படகை விரட்டினார், ஆஸ்பத்திரி வரை அழுதுகொண்டே வந்தார். இரும்பு அறைக்குள் படுக்கவைத்து அழுத்தம் ஏற்றி நாள் கணக்கில் வைத்தியம் பார்த்தார்கள். கைகளுக்கு ஒன்றும் இல்லை. இடுப்புக்குக் கீழே திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு மூன்று வருஷம். நான் கடலை விட்டுவிட்டு டவுனில் ஆட்டோ ஓட்டினேன். தினமும் காலை ஆறரைக்கு முன்வீட்டுக்குப் போய், மச்சானைக் கட்டிலில் இருந்து தூக்கிக் கக்கூஸுக்குக் கொண்டுபோய் உட்காரவைப்பேன். தங்கச்சி கால்களைப் பிடிப்பாள், நான் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குவேன். எனக்குப் பிராயச்சித்தம் என்று இருந்தது அது ஒன்றுதான். ஒரு நாளும் தவறியதில்லை.

தங்கச்சி எல்லாப் பழியையும் அந்தச் சார் மேல் போட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் அம்மன் கோயிலுக்குப் போய், அவர் பேரைச் சொல்லி மண்ணை வாரித் தூற்றுவாள். அவருடைய பிள்ளைகுட்டிகளையும் சேர்த்துத்தான் சபிப்பாள். அவளை ஆட்டோவில் கூட்டிப்போவது நான். வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு, அவள் தூற்றி முடிக்கும்வரை காத்திருப்பேன். சார் கெட்ட மனிதர் இல்லை. கேள்வியைக் கடமைக்குக் கேட்டார், அவசரக்காரர், அதெல்லாம் உண்மை. ஆனால் தோள்வலி என்ற ஒரு சொல் காதில் விழுந்திருந்தால் மச்சானின் சிலிண்டரை இறக்கிவைத்திருப்பார். அது எனக்கும் மச்சானுக்கும் தெரியும். அவளிடம் சொல்லாதே, தாங்கமாட்டாள் என்பான் மச்சான். எனக்கும் அது வசதியாக இருந்தது.

இந்த வருஷம் ஹோட்டலில் இருந்து மறுபடி கூப்பிட்டார்கள். அந்தக் கோர்ஸை முடித்தவர்களுக்கு மட்டும்தான் இனி வேலையாம். மச்சான்தான் சொன்னான்.

"நீயாவது போ. இந்தத் தடவ அந்த மிஸ்கிட்ட கேளு."

கேட்டேன். அவருக்கு என்னை ஞாபகம் இருந்தது. கேள்வியும் மாறவில்லை. கடைசியாக எப்போது ஒரு டைவை வேண்டாம் என்று விட்டீர்கள்? விட்டதில்லை என்றேன். விட வேண்டிய ஒன்றை விடாமல் போனதைச் சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டு, தோள்வலியில் இருந்து படகு வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"அவருடைய மனைவிக்கு இது தெரியுமா?"

"தெரியாது மிஸ்."

"முதலில் அவரிடம் சொல்லுங்கள். சொன்னபிறகு எனக்குச் செய்தி அனுப்புங்கள். வீட்டில் சொல்ல முடியாதவர் தண்ணீருக்குள் என்னிடம் எதையும் சொல்லப் போவதில்லை."

இரண்டு நாள் அவரைத் திட்டிக்கொண்டு திரிந்தேன். என் குடும்ப விஷயத்தில் தலையிட இவர் யார்? மூன்றாம் நாள் பின்னேரம், தங்கச்சி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். உட்காரவில்லை, சுற்றி வளைக்கவும் இல்லை. தைலம் தேய்த்தது, புத்தகத்தில் படித்தது, சார் கேட்டது, நான் சொன்ன பதில், எல்லாம் சொன்னேன்.

துருவுவதை அவள் நிறுத்தவே இல்லை. மூடி ஓடாகும்வரை துருவினாள்.

"கேட்டாரா அந்தாளு?"

"கேட்டாரு."

"நீங்கதான் ஒன்னுமில்லன்னீங்க."

"ஆமா."

"மூனு வருசமா நான் அவரு புள்ளைங்க மேல மண்ண வாரித் தூத்துனேன். நீங்க வாசல்ல வண்டியப் போட்டுக்கிட்டு பாத்துக்கிட்டிருந்தீங்க."

அவள் தேங்காய்ப்பூவை அள்ளிச் சட்டியில் போட்டாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அறைக்கு வந்து சொல்லிவிட்டேன் என்று மிஸ்ஸுக்குச் செய்தி அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் தேதி போட்டுப் பதில் வந்தது. இரண்டு நாள், பத்து மீட்டர், அதற்குப் பிறகும் உறுதி இல்லை. நான் தேர்ந்தெடுத்தது இந்த முறை சரியான ஆள்தான். சந்தோஷமாக இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை.

மறுநாள் ஆறரைக்கு வழக்கம்போல முன்வீட்டுக்குப் போனேன். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. கூப்பிட்டேன், தட்டினேன். உள்ளே கட்டில் இழுபடும் சத்தம் கேட்டது. தங்கச்சி மூச்சிரைத்தாள். ஏதோ தரையில் விழுந்தது.

"ஒங்கண்ணனக் கூப்புடு" என்றான் மச்சான். "ஒன்னால முடியாது."

"முடியும்" என்றாள் தங்கச்சி.