அஞ்சும் கரீட்டா வர்ற நாள்

காலை ரயிலில், பெண்கள் பெட்டியில், எனக்குப் பக்கத்தில் வந்து உட்காருவார் அந்த அக்கா. திருவொற்றியூரில் ஒரு கிடங்கில் காவல் வேலை. புடவைக்கு மேல் நீலச் சட்டை, சட்டைப் பையில் விசில், கொண்டையில் கனகாம்பரம்.

வரலாற்றில் இதே நாளில் என்ன நடந்தது என்று தினமும் ஐந்து கேள்வி கேட்கும் விளையாட்டு என் போனில் உண்டு. ஆங்கிலக் கேள்விகளை நான் தமிழில் சொல்ல, அவர் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வார். ராஜா, கப்பல், விண்கலம், எதற்கும் அசரமாட்டார். குறைந்தது மூன்று பதில் சரியாக இருக்கும். சில நாள் நான்கு.

"அஞ்சும் கரீட்டா வர்ற அன்னிக்குத்தான் என் பொறந்தநாளு," என்றார் ஒருநாள். "ஆதார்ல ஜனவரி ஒண்ணுன்னு எவனோ குத்துமதிப்பா போட்டு வுட்டான். நெசத் தேதி எங்க வூட்ல யாருக்கும் தெரியாது."

அடுத்த வாரமே முதல் நான்கும் சரியாக வந்தன. ஐந்தாவதற்கு அவர் சொன்ன பதிலை அழுத்தினேன். சிவப்பு வந்தது. சட்டென்று போனைக் கவிழ்த்து, "கரெக்ட் அக்கா! ஹேப்பி பர்த்டே!" என்றேன்.

அவர் அதற்குள் கண்ணைத் திறந்திருந்தார்.

"நான் பாத்துட்டேன் கண்ணு. பொறக்கறதுக்கு இன்னா அவசரம்? நாளைக்கும் கேள்வி வரும்ல," என்று சிரித்தபடியே இறங்கிப் போனார்.

பிறகு எனக்கு மாதவரத்தில் வேலை கிடைத்தது. ரயிலில் கடைசி நாளன்று, பக்கத்தில் உட்காருகிற யாராவது தமிழில் சொல்லட்டும் என்று அந்த விளையாட்டை அவர் போனிலும் ஏற்றிக் கொடுத்தேன். இப்போது பஸ்ஸில் போகும்போது, கேள்விகள் சுலபமாக இருக்கிற நாட்களில், அக்கா இன்று பிறந்திருப்பாரோ என்று நினைத்துக்கொள்கிறேன்.