பன்னிரண்டு பிட் திரையில் அக்காவின் கை

அக்காவின் கையிலிருந்து முதலில் நழுவியது சாக்பீஸ். பத்தாம் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது விழுந்ததாம். முன்பெஞ்சுப் பிள்ளை எடுத்துக் கொடுக்க, மறுபடியும் விழுந்ததாம். அன்று சாயங்காலம் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆறு மாதத்தில் தட்டிலிருந்து சோற்றை அள்ள முடியாமல் போனது. தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகிற நோய் இது, நிறுத்த மருந்து இல்லை என்று மதுரையில் நரம்பு மருத்துவர் சொன்னார். திரும்பும்போது பஸ் கொடைரோட்டில் நின்றது. மூளைக்கு ஒன்றும் ஆகாது என்றாரே, அது நல்லதா கெட்டதா என்று அக்கா கேட்டாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னோடும் என் மனைவியோடும் இருந்தாள். எனக்கு வேடசந்தூர் சாலையில் ஒரு நூற்பு மில்லில் எலக்ட்ரீஷியன் வேலை. வீட்டில் ஒரு மேசை முழுக்க சர்க்யூட் போர்டுகளும் சால்டரிங் அயர்னும் கிடக்கும். வேறு பொழுதுபோக்கு எனக்குக் கிடையாது.

அக்காவின் குரல் தேயத் தேய, பின்கட்டில் சமைத்துக்கொண்டிருக்கும் என் மனைவிக்கு அவள் கூப்பிடுவது கேட்கவில்லை. அப்போதுதான் மணி யோசனை வந்தது. தசையை இறுக்கினால் தோலின் மேல் மிகச் சிறிய மின்னழுத்தம் எழும். அதைப் பெருக்கி ஒரு மணியை அடிக்க வைத்துவிட்டால், விரலை லேசாக அசைத்தே அவள் கூப்பிடலாம்.

பெருக்கும் சர்க்யூட்டைச் செய்துவிட்டேன். என்ன வருகிறது என்று பார்ப்பதில்தான் சிக்கல். மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் கோடாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப் ஒன்று என்னிடம் இருந்தது, பழையது, எட்டு பிட். வருகிற மின்னழுத்தத்தை இருநூற்று ஐம்பத்தாறு படிகளாகத்தான் பிரித்துக் காட்டும். மில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவைப் பார்க்க அது போதும். அக்காவின் முன்கையில் மின்னழுத்தத்தைப் பிடிக்கும் பிசின் பட்டைகளை ஒட்டிப் பார்த்தால், வீட்டுக் கரண்டிலிருந்து வந்து கலக்கும் வேண்டாத அலை, அதாவது இரைச்சல், ஏறிய ஒரு தடித்த கோடுதான் தெரிந்தது. விரலை மடக்கச் சொன்னால் அந்தக் கோடு அசைந்த மாதிரியும் இருந்தது, அசையாத மாதிரியும் இருந்தது.

கைக்கு எட்டும் விலைக்கே இப்போது பன்னிரண்டு பிட் ஸ்கோப்புகள் வருகின்றன. ரெண்டைப் பன்னிரண்டு தடவை பெருக்கினால் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு படி என்று அக்கா மனக்கணக்காகச் சொன்னாள். மூன்று ஸ்கோப்புகளைத் தேர்ந்தெடுத்து, அவளுடைய பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதி எழுதி ஒப்பிட்டேன். ஒன்றில் நாலு சேனல், ஒரே நேரத்தில் நாலு கோடு பார்க்கலாம், ஆனால் உள்ளே ஓடும் ஃபேன் பெருஞ்சத்தம் போடும். இன்னொன்று மிகச் சிறிய மின்னழுத்தத்தையும் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டது. அதைப் பற்றிய வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது, அது வெறுமனே படத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது என்று பிடிபட்டது. மூன்றாவதைப் பவர்பேங்கில் ஓட்டலாம். உடம்பில் ஒட்டிய கம்பியைச் சுவர் பிளக்கோடு சம்பந்தப்படுத்துவது ஆபத்து. இதில் அந்தப் பயம் இல்லை, கரண்டின் இரைச்சலும் குறையும்.

அத்தோடு முடித்திருக்கலாம். நான் முடிக்கவில்லை. படி எத்தனை இருந்தால் என்ன, ஸ்கோப்பின் சொந்த இரைச்சல் எவ்வளவு என்று தோண்டினேன். விமர்சனங்களைப் படித்தேன். யார் யாருக்கோ கேள்வி அனுப்பிப் பதிலுக்குக் காத்திருந்தேன். ஏழு வாரம் போனது. அந்த ஏழு வாரத்தில் அக்காவின் வலது கை முழுசாக ஓய்ந்தது. இடது கையில் இரண்டு விரல் மிச்சம்.

"அந்தப் பெட்டியப் பத்திப் படிக்கிற நேரத்துக்கு மதினிகிட்ட செத்த நேரம் உக்காருங்க," என்றாள் என் மனைவி. நான் அக்காவுக்காகத்தானே பார்க்கிறேன் என்று கோபப்பட்டேன். உண்மை என்னவென்றால், அக்காவின் முகத்தைப் பார்ப்பதைவிட அட்டவணையைப் பார்ப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

பவர்பேங்கில் ஓடுகிறதையே வாங்கினேன். வந்ததும் உடனே பார்க்கவில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் சாயங்காலம் வரை கரண்ட் நிறுத்துவார்கள் அல்லவா, அந்த நாளுக்காகக் காத்திருந்து மில்லுக்கு விடுப்பு சொன்னேன். தெருவே அடங்கிக் கிடந்தது. அக்காவை நாற்காலியில் சாய்த்து உட்கார்த்தி, இடது முன்கையைத் துடைத்துப் பட்டைகளை ஒட்டினேன். திரையில் கோடு வந்தது. பென்சிலால் கிழித்த மாதிரி அப்படி ஒரு மெல்லிய கோட்டை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்தக் கோட்டில் ஒரு முனை துள்ளி எழுந்தது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. அப்புறம் சேர்ந்தாற்போல் இரண்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இம்புட்டு நாளும் இது உள்ளேயே இருந்திருக்கிறது, பார்க்கத்தான் வழி இல்லை என்று நினைத்தேன். "அப்படித்தான்க்கா, இன்னொரு தடவ மடக்கு," என்றேன். மறுபடியும் ஒரு முனை எழுந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேச்சு அப்போதே குழறத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"ஏலே, நான் ஒண்ணும் பண்ணலடா."

எனக்குப் புரியவில்லை. நிஜமாகவே மடக்கிப் பார் என்றேன். அவள் கண்ணை இறுக்கி, மூச்சை அடக்கி முயன்றாள். மிச்சமிருந்த இரண்டு விரலும் அசையவில்லை, கோடு நேராகவே ஓடியது. அவள் விட்டுவிட்டு மூச்சு வாங்கும்போது, எங்கிருந்தோ ஒரு முனை தானாக எழுந்து அடங்கியது.

"துடிப்பு. டாக்டர் சொன்னாரே," என்றாள்.

சொல்லியிருந்தார். நரம்பு சாகும்போது தசை தன்போக்கில் துடிக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்று என் எதிரில்தான் சொன்னார். தோலுக்கடியில் புழு நெளிவதுபோல அவள் கையில் அது ஓடுவதை மாதக்கணக்கில் பார்த்தும் இருக்கிறேன். திரையில் பார்த்தபோது மட்டும் வேறாக நினைத்துக்கொண்டேன். பட்டைகளைப் பிரித்தேன். பிசின் ஒட்டிய இடத்தை என் மனைவி எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டாள். நான் தேம்பினேன். அக்கா அழவில்லை. விடுப்பு போட்டுட்டியே, மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கு என்றாள்.

பிறகு பட்டைகளைக் கன்னத்தில் ஒட்டி மணியோடு இணைத்துப் பார்த்தேன். முகத்தில் இன்னும் அசைவு இருந்தது. மணி அடித்தது. சிறுமலை வாழைப்பழத்தைப் பாலில் மசித்து ஊட்டினால், விழுங்கும்போதும் அடித்தது. இருமினால் அடித்தது, கொட்டாவிக்கும் அடித்தது. மணி அடிக்கத் தேவையான அளவைக் கூட்டி வைத்தால் அவள் நிஜமாகக் கூப்பிடும்போது அடிக்கவில்லை. பட்டை ஒட்டிய இடம் சிவந்து தடித்துப்போனது. மூன்றாவது வாரம், "கழட்டிருடா," என்றாள். அவள் என்னிடம் தெளிவாகச் சொன்ன கடைசிப் பேச்சுகளில் அதுவும் ஒன்று.

இப்போது பேச்சு இல்லை. எழுத்து அட்டையில் நான் விரலை நகர்த்த, வேண்டிய எழுத்தில் அவள் கண்ணை மூடுவாள். ஒரு சொல்லுக்கு நாலு நிமிஷம் ஆகிறது. சில நாள் பாதிச் சொல்லிலேயே கண்ணைத் திருப்பிக்கொள்கிறாள். அவள் என்ன கேட்க வந்தாள் என்பது அத்தோடு போய்விடும்.

போன வாரம் ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். ஆம்ப்ளிஃபையர் செய்கிறவர். எலக்ட்ரானிக் பாகங்கள் விற்கும் கடையில் என் நம்பர் வாங்கியிருக்கிறார். "ஏனுங்க, எட்டு பிட்டே போதுமுங்களா, இல்ல பன்னெண்டுக்குப் போயிரலாமுங்களா?" என்று கேட்டார். தெரிந்ததெல்லாம் சொன்னேன். ஃபேன் சத்தம், படத்தைப் பெரிதாக்கி ஏமாற்றுவது, சொந்த இரைச்சல் என்று ஒன்றையும் விடவில்லை. என்னை அறியாமல் குரலில் உற்சாகம் வந்துவிட்டது. ரொம்பத் தெளிவாகச் சொன்னீங்க என்றவர், நான் எதற்காக வாங்கினேன் என்று கேட்டார். வீட்டு வேலைக்கு என்றேன்.

அதற்குள் மனைவி வாசலில் வந்து நின்றாள். படுக்கைப் புண் வராமல் இருக்க அக்காவை இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். நான் தோளைப் பிடிக்க, அவள் இடுப்பைப் பிடித்தாள். அக்காவை இடப்பக்கமாகத் திருப்பினோம். முகம் சுவர்ப் பக்கம் போயிற்று.